மகாராணியின் மேல்வரிசை

குற்றவாளி யார் என்பதை எங்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பெயர் மகாராணி. நிறம் கறுப்பு, நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு. கொம்பு இரண்டு. தொழில், பால் கொடுப்பது.

ஆடா என்று கேட்டேன். ஆடுதான் என்றாள் அக்கா, ஹெல்மெட்டை மாட்டியபடியே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொலை, கடத்தல், போலி நகை என்று ஏதேதோ கனவோடு இந்தத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவன் நான். இதுவரை கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு தண்ணீர் மோட்டாரும், மாமனார் வீட்டு மொட்டைமாடியிலேயே ஒளிந்திருந்த ஒரு மருமகனும்தான். இப்போது ஆடு. அடுத்து முட்டையை உடைத்த கோழி எது என்று விசாரிக்கக் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது.

அக்கா என் உடன்பிறந்தவள், அதனால்தான் நான் அவளுக்கு உதவியாளன். வேறு தகுதி எனக்கு இருப்பதாக அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. முன்பு கால்நடை மருத்துவராக இருந்தாள். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். நோயாளிகள் பொய் சொல்வதில்லையாம், கூட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் சொல்கிறார்களாம், அதனால் அவர்களையே கவனிக்கலாம் என்று வந்துவிட்டாளாம்.

எங்களை அழைத்தது ஒரு வீட்டுக்காரம்மா. மாடியில் அவரும் அவர் கணவரும். கீழே முன்பக்கம் ஒரு பல்செட் பட்டறை. பல் விழுந்தவர்களின் வாய்க்கு அளவெடுத்துப் புது வரிசை செய்து கொடுக்கிற இடம். கொல்லைப்புறத்தில் ஒரு கொட்டகை. அதில் ஒரு பால்காரப் பெண் தன் ஆடுகளோடு குடியிருந்தாள்.

கணவர் ஒரு காலத்தில் கால்பந்து கோல்கீப்பர். இன்றைக்கும் எல்லாரும் அவரைக் கோல்கீப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள், அந்த அம்மா உட்பட. பெரிய இறுதிப்போட்டி ஒன்றில் கடைசி நிமிடப் பெனால்டியைத் தடுத்தவராம். அந்த ஆட்டத்தில் அவர் போட்டிருந்த தோல் கையுறைகள் மாடி முன்னறையில் ஆணிக்கொன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. முந்தாநாள் அம்மா வெளியே போய்விட்டுத் திரும்பியபோது ஒரு கையுறை தரையில் குதறப்பட்டுக் கிடந்தது. மாடிப்படியடியில் கயிறு அறுந்த மகாராணி நின்றுகொண்டிருந்தாள். வருஷக்கணக்கான வியர்வை ஊறிய தோல். ஆட்டுக்கு உப்பென்றால் உயிர். வேறென்ன சாட்சி வேண்டும் என்று கோல்கீப்பர் குதித்தாராம்.

"இன்னிக்கு மத்தியானம் மகாராணியைக் கறிக்கடை வண்டியில ஏத்தணும், அந்தப் பொண்ணு கொட்டகையைக் காலி பண்ணணும். அப்படித்தான் பேச்சு. ஆடுதான் செஞ்சதுன்னா நான் குறுக்க வரமாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன்," என்றார் அம்மா. "அந்தப் பொண்ணு ஆமாம்மா, என் ஆடுதான், தப்புதான்னு அழுவுதே தவிர வேற வார்த்தை பேச மாட்டேங்குது. ஆட்டுக்கும் பேச வராது. யாராவது ஒருத்தர் பேசணும் இல்ல?"

வண்டி ஏற்கெனவே வாசலில் வந்து நின்றிருந்தது. கறிக்கடைக்காரர் அதில் சாய்ந்து கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எந்தத் தீர்ப்பு வந்தாலும் சரி என்கிற மாதிரி ஒரு நிதானம்.

முதலில் கொட்டகைக்குப் போனோம். பால்காரப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. துணிமணியை ஏற்கெனவே மூட்டை கட்டி வைத்திருந்தாள். கையுறையைப் பார்த்தாயா என்று அக்கா கேட்டாள். இல்லையாம். ஐயா அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம், கிட்டே போக விடவில்லையாம். கண்ணால் பார்க்காத குற்றத்துக்கு ஏன் ஆமாம் சொன்னாய் என்று நான் எரிந்து விழுந்தேன். பெரியவர்கள் பொய் சொல்வார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்து, மகாராணியின் வாயைத் திறந்து காட்டு என்றாள். இந்த மாதிரி வேலை வரும்போது மட்டும் நான் உதவியாளன் என்பது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். முன்னால் போனால் முட்டும் என்று புத்திசாலித்தனமாகப் பின்பக்கமாகப் பூனை போல நடந்து போனேன். இன்னும் இரண்டடி இருக்கும்போது மகாராணி அப்படியே திரும்பி என் முழங்காலில் ஒன்று வைத்தாள். நான் புல்லுக்கட்டின் மேல் போய் உட்கார்ந்தேன்.

"அது கண்ணைப் பாருடா," என்றாள் அக்கா. அனுதாபம் துளிகூட இல்லை. "கண்ணுப்பாப்பா படுக்கை வசத்துல நீளமா இருக்கு பாரு. கண்ணு ரெண்டும் தலைக்கு ரெண்டு பக்கத்துல. முதுகுக்குப் பின்னால வர்ற ஆளும் அதுக்குத் தெரியும். மேயற பிராணிக்கு அப்படி இருந்தாத்தான் உயிர் தங்கும். திருட்டுத்தனமா அது கிட்ட யாரும் போக முடியாது. போனா முட்டு வாங்காம வர முடியாது."

இதைக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் என் முழங்கால் தப்பியிருக்கும். அவளுக்குப் பாடம் நடத்துவதற்கு எப்போதும் ஒரு மாதிரி உடம்பு வேண்டும், அதுதான் நான்.

பால்காரப் பெண் பிடித்துக்கொள்ள, அக்காவே மகாராணியின் வாய்க்குள் விரலை விட்டு நிதானமாகத் தடவினாள். கீழ் உதட்டை இழுத்து எனக்குக் காட்டினாள். மண்வெட்டி போல அகலமான எட்டு முன்பற்கள், இடது பக்கத்தில் ஒன்று மட்டும் பக்கத்துப் பல்லின் மேல் ஏறிக் கோணலாக நின்றது. பிறகு தாடியைச் சீப்பால் வாருவது போல விரலால் வாரி, ரோஸ் நிறத்தில் காய்ந்துபோன ஒரு துணுக்கைப் பிய்த்து எடுத்தாள். மகாராணி பபிள்கம் சாப்பிடுவாள் போலிருக்கிறது என்றேன். அக்கா சிரிக்கவில்லை. துணுக்கைக் கைக்குட்டையில் சுருட்டி வைத்துக்கொண்டு, பல்செட் பட்டறைப் பக்கம் நடந்தாள்.

பல்செட்டுக்காரர் எங்களை வாய் நிறையப் பல்லோடு வரவேற்றார். நாற்காலி எடுத்துப்போட எழுந்தபோது இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். குளியலறையில் வழுக்கிவிட்டதாம். அலமாரி முழுக்கச் சுண்ணாம்புத் தாடைகள், ஒவ்வொன்றும் மேலும் கீழுமாக ஜோடி சேர்ந்து, ஏதோ பெரிய நகைச்சுவையைக் கேட்ட கூட்டம் போல இளித்துக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் அட்டைப்பெட்டி பிரிக்காத ஒரு பெரிய நோயாளி நாற்காலி. போட இடமில்லாமல் வைத்திருக்கிறேன், கொல்லைப்புறம் கிடைத்தால் ஒரு பல் டாக்டரையே கூட்டிவந்து உட்கார வைத்துவிடுவேன் என்று கனவு காண்கிற குரலில் சொன்னார்.

எப்படிப்பட்ட வாய்க்கும் அளவெடுத்துவிடுவீர்களா என்று அக்கா அப்பாவியாகக் கேட்டாள்.

"வாய்னு ஒண்ணு இருந்தா போதும்மா. மீதியை நான் பார்த்துக்குவேன்," என்றார் அவர்.

எனக்குப் பளிச்சென்று பொறி தட்டியது. நொண்டுகிறார், கொட்டகைமேல் கண் வைத்திருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அக்காவின் காதில் ஓதினேன். எதை வைத்துப் பிடிப்பாய், குளியலறையில் வழுக்கியது குற்றமா என்று அவளும் என் காதிலேயே ஓதினாள். மேலே போகலாம், நீங்களும் வாருங்கள், பல் விஷயம் என்றால் உங்களைவிட்டால் வேறு யாரைக் கேட்பது என்று அவரையும் கூட்டிக்கொண்டாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை, நொண்டிக்கொண்டே முன்னால் படியேறினார்.

மாடி முன்னறையில் கோல்கீப்பர் மிஞ்சிய கையுறை தொங்கிய ஆணியடியில் காவல் நின்றார். எழுபது வயது, இன்னும் அகலமான தோள். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் சுவரில் இருந்த புகைப்படத்தைக் காட்டி அந்தப் பெனால்டியை மறுபடியும் தடுத்துவிட்டார். பந்து வலது மூலைக்கு வருகிறது, இவர் வலது கையை நீட்டிப் பாய்கிறார், விரல் நுனியில் தட்டிவிடுகிறார். பாய்கிற வேகத்தில் வாயிலிருந்த பல்செட் கொஞ்சம் நழுவியது. நாக்கால் உள்ளே தள்ளிக்கொண்டு, என் உயிர் அதில்தான் இருந்தது என்று கண்கலங்கினார். பார்க்க எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

பால்காரப் பெண் வாசற்படிக்கு வெளியே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பீரோ திறந்தது. பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து கையுறையை எடுத்து அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தடித்த பழைய தோலில் பல் பதிந்த தடங்கள் ஆழமாக விழுந்திருந்தன. சில இடத்தில் தோல் வெட்டுப்பட்டுத் தனியாகவே வந்திருந்தது. அக்கா தடங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"ஆட்டுப் பல்லுதான். அதுலயும் மகாராணி பல்லேதான். கோணல் பல்லுகூட அப்படியே பதிஞ்சிருக்கு."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாக்கு கொடுத்தவர், இனி அவரால் எதுவும் செய்ய முடியாது. வாசற்படியில் அந்தப் பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். கோல்கீப்பர் ஜன்னலுக்குப் போய்க் கறிக்கடைக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார். பல்செட்டுக்காரர் அக்காவின் அறிவைப் புகழ ஆரம்பித்தார். அக்காவா இவள் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆட்டுக்காகப் பேச வந்தவள் ஆட்டுக்கே கயிறு மாட்டிவிட்டாளே.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மகாராணியை ஒருதரம் மேலே கூட்டி வா என்று பால்காரப் பெண்ணிடம் சொன்னாள். சும்மா பெயருக்கு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்றாள். மகாராணி படியில் டக் டக்கென்று ஏறி வந்து, நேராகக் கோல்கீப்பரின் வேட்டி நுனியை மோந்தாள்.

"கீழ் வரிசை இவளோடது," என்றாள் அக்கா. "அதுல சந்தேகமே இல்ல. எனக்கு ஒண்ணுதான் புரியல. இந்தக் கையுறையில மேல்பக்கமும் எட்டுப் பல்லு பதிஞ்சிருக்கு. அது யாரோடது?"

சொல்லிக்கொண்டே மகாராணியின் மேல் உதட்டைத் தூக்கிப் பிடித்தாள். எல்லாரும் குனிந்து பார்த்தோம். உள்ளே ஒரு பல்கூட இல்லை. வழுவழுவென்று வெளிறிய ஈறு மட்டும், செருப்பு அடித்தோல் மாதிரி தடித்து.

முதலில் வாய் திறந்தவர் பல்செட்டுக்காரர்தான். விழுந்திருக்கும் என்றார்.

பிறந்ததிலிருந்தே இல்லை என்றாள் அக்கா. எந்த ஆட்டுக்கும் இல்லை, எந்த மாட்டுக்கும் இல்லை. புல்லை வெட்டுவதற்கு ஆட்டுக்கு இரண்டு கத்தி தேவையில்லை, ஒரு கத்தியும் ஒரு பலகையும் போதும். கீழ்ப்பல் கத்தி, மேல் ஈறு பலகை. அழுத்திப் பிடித்துத் தலையை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுக்கும். அரைக்கிற வேலைக்குக் கடைவாயில் மேலும் கீழும் தனியாகப் பற்கள் இருக்கின்றன. இந்தக் கையுறையை ஆடு தின்றிருந்தால் ஒரு பக்கம்தான் தடம் இருக்கும், தோல் பிய்ந்து நார் நாராகத் தொங்கும். இப்படி மேலும் கீழும் கடித்து அழகாக நறுக்கி எடுப்பது அதன் வாய்க்கு ஆகாத காரியம்.

"உடம்புல எந்த உறுப்பும் அழகுக்கு இல்ல. என்ன வேலையோ அதுக்கேத்த உருவம்," என்றவள், கையுறையைப் பல்செட்டுக்காரரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "கீழ இடது பக்கம் ஒரு கோணல் பல்லு. மேல வலது பக்கம் அதே கோணல். ஒரே அச்சுல ரெண்டு வார்த்து, ஒண்ணைப் புரட்டிப் போட்டா இப்படித்தான் வரும். அந்த அச்சு எடுத்த ரோஸ் பசை இவ தாடியில ஒட்டியிருந்துச்சு. எடுக்கப் போன ஆளு முட்டு வாங்காம வந்திருக்க முடியாது. கால் இப்ப எப்படி இருக்கு?"

பல்செட்டுக்காரர் இடது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவருடைய அலமாரி என் கண் முன்னால் வந்தது. ஆயுசு முழுக்க ஜோடி ஜோடியாகவே தாடை செய்து அடுக்கியவர். கீழ் உதட்டை இழுத்தவுடனே பல் தெரிந்துவிட்டது, அளவெடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவே தோன்றவில்லை. வாய் என்றால் இரண்டு வரிசை என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. பிறகு வார்த்த இரண்டு வரிசையையும் கீல் வைத்த சட்டத்தில் மாட்டி, நடுவில் கையுறையைக் கொடுத்து, பட்டறைப் பிடிப்பானில் வைத்து நெருக்கியிருக்கிறார்.

அதற்குள் கோல்கீப்பர் பொங்கி எழுந்துவிட்டார். நம்பி இடம் கொடுத்தேனே, என் உயிரைக் கடித்துவிட்டாயே, இந்த நிமிஷமே வெளியே போ என்று பல்செட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். எனக்கும் கை பரபரத்தது, நானும் ஒரு பக்கம் பிடிக்கலாம் என்று போனேன். அக்கா என் காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஐயா, பெனால்டியைத் தடுத்தது எந்தக் கை?"

வலது கை என்றார் அவர், சட்டையை விடாமல். அக்கா தன் கையிலிருந்த கையுறையை விரித்துக் காட்டினாள். கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று எல்லாருக்கும் தெரிந்தது. இடது. வலது கை உறை சுவரில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஆணியில் தொங்கியது.

இரண்டும் ஒரே உயரத்தில்தான் இருக்கின்றன, இரண்டிலும் ஒரே உப்புதான் என்றாள் அக்கா. உங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்ப நினைக்கிறவன் எதை எடுப்பான்? வலதை. அதை விட்டுவிட்டு இடதை எடுத்திருக்கிறான் என்றால், வலது வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

கோல்கீப்பரின் பிடி தளர்ந்தது. பல்செட்டுக்காரர் கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மொத்தப் பழியும் தன் தலையில் விழப்போகிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"வலது கையைத் தொட்டா கொன்னுடுவேன்னு சொன்னதே இவர்தாம்மா," என்றார் வீட்டுக்காரம்மாவிடம்.

அப்புறம் எல்லாம் தானாகக் கொட்டியது. கோல்கீப்பரின் பல்செட் ஈறின் மேல் உட்கார்ந்திருக்கிறதே தவிர, வேர் கிடையாது. கடித்தால் வழுக்குகிறது. பல வருஷமாகக் கரைத்ததையும் குழைத்ததையும் விழுங்கி மனிதருக்கு வெறுத்துப்போயிருந்தது. கொட்டகையைக் காலி செய்து கொடுத்தால், வரப்போகிற பல் டாக்டரின் முதல் நோயாளி நீங்கள்தான், தாடை எலும்பிலேயே திருகி நிறுத்துகிற பல் இனாம், கரும்பையே கடிக்கலாம் என்று பல்செட்டுக்காரர் ஆசை காட்டியிருக்கிறார். ஆனால் அந்தப் பெண்ணைக் காரணமில்லாமல் விரட்ட அம்மா சம்மதிக்க மாட்டார். அதனால் காரணம் ஒன்றை இருவரும் சேர்ந்து தயாரித்தார்கள். கயிற்றை அறுத்துப் படியடியில் ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்தியது கோல்கீப்பர். மனிதர் அதற்குக் கொஞ்சம் தழையும் போட்டிருக்கிறார்.

அம்மா எழுந்தார். கணவருக்கு முன்னால் போய் உள்ளங்கையை நீட்டினார். கோல்கீப்பர் ஒருதரம் சுற்றிலும் பார்த்துவிட்டு, பல்செட்டைக் கழற்றி அதில் வைத்தார்.

"அது மேல்பல்லே இல்லாம வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வீட்டுக்கே பால் குடுக்குது. நீங்களும் பழகிக்குங்க," என்றார். பிறகு பல்செட்டுக்காரரிடம், மாதம் முடிவதற்குள் பட்டறைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கறிக்கடை வண்டியைத் திரும்பப் போகச் சொன்னார். கறிக்கடைக்காரர் அதற்கும் சரி என்றுவிட்டு வண்டியைக் கிளப்பினார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

பால்காரப் பெண் கும்பிடுவாள், அழுவாள், அம்மாவின் காலில் விழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உள்ளே வந்து கோல்கீப்பருக்கு முன்னால் நின்றாள். அந்த முகத்தில் நன்றி இல்லை.

"போன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன் ஐயா. எங்கயாவது ஒரு மரத்தடி கிடைக்காமயா போயிடும்," என்றாள். "இவளை எதுக்குத் திருடி ஆக்கினீங்க? இவளாலதான் நடுத்தெருவுல நிக்கப் போறோம்னு ரெண்டு நாளா நான் இவளை அடிச்சேன் ஐயா. ஏண்டி கடிச்சே, ஏண்டி கடிச்சேன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன்."

அவள் மகாராணியின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திவிடக் கையைத் தூக்கினாள். மகாராணி தலையைத் தாழ்த்திக்கொண்டு பின்வாங்கி, போய்க் கோல்கீப்பரின் காலுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

தூக்கிய கை அப்படியே நின்றது. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோல்கீப்பர் தன் காலடியில் இருந்த ஆட்டைப் பார்த்தார். எழுபது வயது முழங்கால் மடங்க மறுத்தது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் தரையில் உட்கார முடிந்தது. ஆட்டின் கழுத்தை அணைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெண் பக்கம் நகர்த்திக் கொண்டுபோனார். என்னவோ சொன்னார். பல் இல்லாத வாயில் அது ஒரு வார்த்தையாகவே வரவில்லை. மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவை சொன்னபோதுதான், மன்னிச்சுடும்மா என்று எங்களுக்குப் புரிந்தது.